கண்ணே, கொஞ்சம் கண் சிமிட்டு!

குட்டி நண்பர்களே! ஒரு சின்னப் போட்டி வைத்துக்கொள்ளலாமா? கடிகாரத்தின் விநாடி முள் 12-க்கு வரும்போது ஆரம்பியுங்கள். இமைக்காமல் எதிரே உள்ள சுவரையே பாருங்கள். எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறீர்கள்?

முதல் சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. அப்புறம் லேசாக உறுத்தும். பிறகு எரியும். இன்னும் கொஞ்சம் போனால், 'போதும்டா சாமி' என்று கண் தானாகவே மூடிக்கொள்ளும். இப்போது நன்றாக நாலு தடவை இமையுங்கள். அப்பாடா! எவ்வளவு சுகம்!

உங்களுக்குச் சில விநாடிகள் வந்துபோன அந்த உறுத்தல், சிலருக்கு நாள் முழுக்க இருக்கிறது. அதைத்தான் 'கண் வறட்சி' என்கிறார்கள். வயதானவர்களுக்குத்தான் இது அதிகம். ஆனால், செல்போனையும் கம்ப்யூட்டரையும் மணிக்கணக்கில் பார்க்கும் பிள்ளைகளும் இப்போது இந்தத் தொல்லையோடு கண் டாக்டரிடம் போகிறார்கள். அதனால் இதைப் பற்றி நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கும் உதவும், உங்கள் வீட்டுப் பாட்டிக்கும் உதவும்!

மூன்று அடுக்குக் கண்ணீர்

அழுதால்தான் கண்ணீர் வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்திலும் உங்கள் கண்மேல் கண்ணீர் இருக்கிறது. மெல்லிய படலமாகப் பரவியிருப்பதால் வெளியே தெரிவதில்லை. அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் ஏறக்குறைய மூன்று பங்குதான்! நம் தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்.

இத்தனை மெல்லிய படலத்துக்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன.

கண்ணை ஒட்டி அடியில் இருப்பது வழவழப்பான சளி போன்ற ஒரு பூச்சு. கண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடாமல், கண்மேல் ஒட்டிப் பரவுவதற்கு இதுதான் காரணம்.

நடுவில் இருப்பது தண்ணீர். புருவத்துக்குக் கீழே, காதுப் பக்கமாக, எலும்புக்குள் பதுங்கியிருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இதைத் தயாரிக்கிறது. இதில் உப்பும் இருக்கிறது. கண்ணீர் உதட்டில் பட்டால் கரிப்பது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது எண்ணெய்! ஆமாம், உங்கள் இமைகளின் ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 25 முதல் 40. கீழ் இமையில் சுமார் 20 முதல் 30. ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் 1666-ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதனால் 'மைபோமியன் சுரப்பிகள்' என்றே பெயர் வந்துவிட்டது. இந்த எண்ணெய், கீழே உள்ள தண்ணீர் ஆவியாகிவிடாமல் மூடி போட்டதுபோல் காக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்!

ஒரே மாதிரியான இரண்டு சின்னக் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், இரண்டு ஸ்பூன் போதும். ஒன்றில் மட்டும் தண்ணீரின் மேல்பக்கம் முழுவதும் மூடும் அளவுக்குச் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். இரண்டையும் மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் பாருங்கள். எந்தக் கிண்ணத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது? எதில் அப்படியே இருக்கிறது? உங்கள் கண்ணிலும் இதேதான் நடக்கிறது!

கண்ணுக்கு ஏன் கண்ணீர் வேண்டும்?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கிறதே, அதற்குக் 'கருவிழிப்படலம்' அல்லது 'கார்னியா' என்று பெயர். அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. இருந்திருந்தால் பார்ப்பதெல்லாம் சிவப்புக் கோடு கோடாகத் தெரியுமே! ரத்தம் வராவிட்டால் ஆக்சிஜன் எப்படிக் கிடைக்கும்? காற்றில் உள்ள ஆக்சிஜன் கண்ணீரில் கரைந்து கார்னியாவுக்குப் போகிறது.

கண்ணீர் தூசியைக் கழுவுகிறது. பார்வையையும் தெளிவாக்குகிறது. அழுக்கான பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே மங்கலாகத் தெரியும் அல்லவா? கண்ணீர்ப் படலம் ஒழுங்காக இல்லாவிட்டால் பார்வையும் அப்படித்தான் மங்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. அது கிருமிகளோடு சண்டை! பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் பென்சிலினைக் கண்டுபிடித்தது 1928-ல். அதற்கு முன்பே, 1922-ல், சளியிலும் கண்ணீரிலும் சிலவகை பாக்டீரியாக்களைக் கரைத்து அழிக்கும் ஒரு பொருள் இருப்பதாக அவர் அறிவித்தார். அதற்கு 'லைசோசைம்' என்று பெயர். ஆராய்ச்சிக்கு நிறையக் கண்ணீர் வேண்டுமே, என்ன செய்தார் தெரியுமா? எலுமிச்சையைக் கொண்டு தன் கண்ணிலும் கூட வேலை செய்தவர்களின் கண்ணிலும் நீர் வரவழைத்துச் சேகரித்தார்! (நீங்கள் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம். எலுமிச்சைச் சாறு கண்ணுக்கு ஆகவே ஆகாது!)

இமை என்னும் வைப்பர்

மழை பெய்யும்போது பஸ்ஸின் முன்கண்ணாடியை வைப்பர் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் இமையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் பழைய கண்ணீரைத் துடைத்து, புதுக் கண்ணீரைப் பூசுகிறது. இமை ஓரத்தில் உள்ள எண்ணெயையும் கொஞ்சம் பிதுக்கி விடுகிறது.

'கண் இமைக்கும் நேரத்தில்' என்று சொல்கிறோமே, நம் முன்னோர்கள் அதை ஓர் அளவாகவே வைத்திருந்தார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படிக்கிறீர்களே, அந்த ஒரு மாத்திரை என்பது ஒரு தடவை கண் இமைக்கும் நேரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது!

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். 16 மணி நேரம் விழித்திருந்தால்? கணக்குப் போடுங்கள்... 14,400 தடவை!

ஆனால் எதையாவது உற்றுப் பார்க்கும்போது இந்த எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்துவிடுகிறது. சந்தேகமா? உங்கள் தம்பியோ அக்காவோ பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை இமைக்கிறார் என்று ரகசியமாக எண்ணுங்கள். பிறகு அவர் செல்போனில் விளையாடும்போதும் எண்ணுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும். எண்ணுவதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வேண்டுமென்றே படபடவென்று இமைப்பார்கள்!

கண் ஏன் வறண்டு போகிறது?

காரணங்கள் இரண்டு. ஒன்று, கண்ணீர் குறைவாகச் சுரப்பது. இன்னொன்று, சுரந்த கண்ணீர் சீக்கிரம் ஆவியாவது. பலருக்கும் இருப்பது இரண்டாவது வகைதான். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால், மூடி இல்லாத கிண்ணம்போல் ஆகிவிடும் கண்.

நம் பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. பைக்கில் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தில் மோதும் காற்றை அனுபவிப்பது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம், முகத்துக்கு நேராக டேபிள் ஃபேன், ஏ.சி. அறை, விறகடுப்புப் புகை, சிகரெட் புகை எல்லாமே கண்ணை உலர்த்துபவை. ஜலதோஷத்துக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் கண்ணீரைக் குறைக்கும். வயது கூடக்கூடக் கண்ணீர் குறையும். பெண்களுக்கு இன்னும் அதிகமாகக் குறையும். சில நோய்களும் காரணமாக இருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். எரியும். சிவக்கும். படிக்கும்போது எழுத்து மங்கும்; இமைத்தால் மறுபடி தெளியும். மாலையில் கண் களைத்துப்போகும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. கண் வறட்சி உள்ள சிலருக்குக் கண்ணில் இருந்து நீர் கொட்டும்! 'நீர் வழிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும்?' என்று கேட்பீர்கள். கண் உலர்ந்து உறுத்தியதும், 'ஆபத்து, ஆபத்து' என்று மூளைக்குச் செய்தி போகிறது. உடனே கண்ணீர்ச் சுரப்பி குடம் குடமாய் ஊற்றுகிறது. ஆனால் அந்த அவசரக் கண்ணீர் கண்மேல் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. கண் மறுபடியும் உலர்கிறது. வெடித்துப்போன நிலத்தில் அடைமழை பெய்து ஓடிவிட்டால் பயிருக்கு என்ன லாபம்? அதுபோலத்தான்.

டாக்டர்கள் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கீழ் இமையின் ஓரத்தில் மடித்து மாட்டிவிடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து, எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று அளப்பார்கள். ஜெர்மன் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-ல் சொன்ன இந்தச் சோதனை, நூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது!

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

* 20-20-20: படிக்கும்போதும், திரையைப் பார்க்கும்போதும் 20 நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்துங்கள். 20 அடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தால் அதுவே போதும்.

* முழுதாக இமையுங்கள்: அவசரத்தில் நாம் பாதி இமைதான் மூடுகிறோம். மேல் இமை கீழ் இமையைத் தொட வேண்டும். மெதுவாக மூடி, இரண்டு எண்ணித் திறங்கள். இப்படிப் பத்துத் தடவை.

* திரையைத் தாழ்வாக வையுங்கள்: அண்ணாந்து பார்த்தால் கண் அகலமாகத் திறக்கும், அதிகம் உலரும். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே திரை இருக்கட்டும்.

* காற்றைத் திருப்புங்கள்: ஃபேன், ஏ.சி. இரண்டும் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. பைக்கில் போகும்போது அளவான ஹெல்மெட் போட்டு, முன்கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தலைக்கும் பாதுகாப்பு, கண்ணுக்கும் பாதுகாப்பு!

* வெதுவெதுப்பான ஒத்தடம்: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். ஆறினால் மறுபடி நனைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் உறைந்த தேங்காய் எண்ணெயை வெயிலில் வைத்தால் உருகுகிறதே, அதுபோல் சுரப்பிகளில் கெட்டிப்பட்ட எண்ணெய் இளகும். சூடு அதிகமாக இருக்கக் கூடாது. அதனால் இதை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். துணியை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

* தண்ணீர், தூக்கம்: இரண்டும் கண்ணுக்கும் தேவை. தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கு எடுத்துப்போய் அப்படியே திரும்பக் கொண்டுவரும் பழக்கத்தை விடுங்கள்!

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

கண் உறுத்தினால் கை உடனே கண்ணுக்குப் போகும். கசக்கக் கூடாது! கசக்கக் கசக்க உறுத்தல் கூடும்; கை அழுக்கும் உள்ளே போகும். வருடக்கணக்கில் கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கார்னியாவே மெலிந்து கூம்புபோல் ஆகிவிடும் ஆபத்தும் உண்டு.

அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். 'தாய்ப்பால் விடு', 'விளக்கெண்ணெய் விடு', 'நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடு', 'தேன் விடு' என்று. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவற்றோடு கிருமியும் சேர்ந்து கண்ணுக்குள் போகலாம். கார்னியாவில் புண் வந்து ஆறினால் வெள்ளைத் தழும்பு நிற்கும், பார்வை போய்விடும். வேண்டாம்!

கடையில் நாமாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்குவதும் தவறு. சிவப்பை உடனே குறைக்கும் சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் அதை மாதக்கணக்கில் போட்டால் கண் நீர் அழுத்த நோயும், கண் புரையும் வரலாம். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை இன்னொருவர் போடவும் கூடாது.

பாட்டிக்கு நீங்கள்தான் நர்ஸ்!

கண் வறட்சி உள்ளவர்களுக்கு டாக்டர்கள் 'செயற்கைக் கண்ணீர்' என்னும் சொட்டு மருந்தைத் தருவார்கள். வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கை நடுங்கும். குறி தவறி மருந்து கன்னத்தில் போகும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க, நீங்கள் உதவலாம். இதோ முறை:

1. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

2. மருந்தின் பெயரையும், காலாவதித் தேதியையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

3. பாட்டியைத் தலையைச் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அதில் ஒரே ஒரு சொட்டு.

4. மருந்து பாட்டிலின் முனை கண்ணிலோ, இமையிலோ, விரலிலோ படவே கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் குடியேறிவிடும்.

5. கண்ணை மெதுவாக மூடி ஒரு நிமிடம் இருக்கட்டும். மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் லேசாக அழுத்திக்கொள்ளலாம்.

6. இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

7. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். பல மருந்துகளைத் திறந்து ஒரு மாதம் ஆனதும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எத்தனை நாள் என்று அட்டையில் போட்டிருக்கும்.

மூக்கை ஒட்டி ஏன் அழுத்த வேண்டும்? கண்ணாடியில் உங்கள் கீழ் இமையைப் பாருங்கள். மூக்குப் பக்க ஓரத்தில் ஊசி முனை அளவு ஒரு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. அவை கண்ணீர் வெளியேறும் வடிகால்கள். அங்கிருந்து ஒரு குழாய் மூக்குக்குள் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் அதனால்தான்!

கீரை காக்கும் கண்

கண் வறட்சியில் மிகக் கொடியது ஒன்று உண்டு. அது வைட்டமின் 'ஏ' குறைவால் சின்னக் குழந்தைகளுக்கு வருவது. முதலில் இருட்டும் நேரத்தில் கண் தெரியாது. வெளிச்சம் மங்கியதும் குழந்தை சாமான்களில் இடித்துக்கொள்ளும். இதுதான் மாலைக்கண். அப்புறம் வெள்ளை விழி பளபளப்பை இழந்து வறளும். நுரைபோல் வெள்ளைத் திட்டு தோன்றும். அப்போதும் கவனிக்காவிட்டால் கார்னியா கரைந்து, பார்வை ஒரேயடியாகப் போய்விடும்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் ஏராளமான குழந்தைகள் இப்படிப் பார்வையை இழந்தார்கள். அதைத் தடுக்க மத்திய அரசு 1970-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இப்போது 9 மாதக் குழந்தை முதல் 5 வயதுக் குழந்தை வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' திரவத்தை வாயில் ஊற்றுகிறார்கள். உங்கள் தம்பி, தங்கைக்கு ஊற்றிவிட்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை மஞ்சள் கரு... இவற்றில் எல்லாம் அந்தச் சத்து கிடைக்கிறது. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சமைத்தால் உடலில் நன்றாகச் சேரும். தட்டின் ஓரத்தில் கீரையை ஒதுக்கி வைக்கிறீர்களே, ஒதுக்குவது உங்கள் கண்ணின் காவலாளியை! ஆனால் சத்து மாத்திரைகளை நீங்களாக விழுங்காதீர்கள். வைட்டமின் 'ஏ' அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதல்தான்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

ஓய்வு கொடுத்தும், ஒத்தடம் கொடுத்தும் ஒரு வாரத்தில் உறுத்தல் குறையாவிட்டால் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் கண்ணில் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசுவது, பார்வை மங்கி இமைத்தும் தெளியாதது, சீழ் வடிவது, கண்ணில் அடிபட்டது, மாலையில் கண் தெரியாதது... இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். 'திட்டுவார்கள்' என்று பயந்து மறைக்காதீர்கள். கண்ணில் ஏதோ செய்கிறது என்று முதலில் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொன்னால்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியும்!

இதுவும் தெரிஞ்சுக்கோங்க!

* பிறந்த குழந்தை வீடே அதிர அழும். ஆனால் முதல் சில வாரங்களுக்குக் கண்ணீர் வழியாது! கண்ணை நனைக்கப் போதுமான ஈரம் மட்டும்தான் இருக்கும். ஆனால், சில மாதம் ஆன குழந்தை வயிற்றுப்போக்கின்போது கண்ணீர் இல்லாமல் அழுதால், உடலில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

* வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருவதற்குக் காரணமான ஒரு நொதியை ஜப்பான் விஞ்ஞானிகள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2013-ல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

* பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் அதன் கண்ணை மூடியிருக்கிறது. சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும்!

* ஒட்டகத்துக்கு இரண்டு வரிசை இமை முடிகள். அதோடு மூன்றாவதாக ஓர் இமையும் உண்டு. பாலைவன மணலில் இருந்து கண்ணைக் காக்கத்தான் இத்தனை ஏற்பாடு.

* விண்வெளியில் கண்ணீர் கீழே விழாது. கண்மேலேயே நீர்க் குமிழாகத் திரண்டு நிற்கும். விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013-ல் விண்வெளி நிலையத்தில் கண்ணில் நீர் விட்டு இதைச் செய்து காட்டினார்.

என்ன நண்பர்களே! இவ்வளவு நேரம் ஒரே மூச்சாகப் படித்திருக்கிறீர்கள். எத்தனை தடவை இமைத்தீர்கள்? ஞாபகம் இல்லையா? பரவாயில்லை. பக்கத்தை மூடி வையுங்கள். வாசலுக்குப் போய்த் தூரத்தில் தெரியும் மரத்தையோ, மாடியையோ, மேகத்தையோ 20 விநாடி பாருங்கள். பாட்டியையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். ம்... இமைக்க மறக்காதீர்கள்!